கூடுவிட்டுக் கூடுபாயும் எஞ்சின்

எந்திரத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன உரிமை உண்டு என்று வினவுவார் உளர். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வாழ்வோன், எண்ணெயும் கரியும் படிந்த பட்டறை வாயிலில் நிற்பது பொருந்தாது என்பது அவர்தம் கருத்துப் போலும். ஆயினும், சீவகசிந்தாமணியிலே கருவுற்ற விசயையைச் சுமந்து வானிற் பறந்த மயிற்பொறியையும், சிலப்பதிகாரத்திலே மதுரை மதிலைக் காத்த பொறிகளையும் மாணவர்க்கு விரித்துரைக்கும் ஆசிரியன், தன் பள்ளிக்கூடத்தின் கீழ்வீதியிலே நாள்தோறும் நிகழும் பொறித்தொழிலைக் காணாது கடந்து செல்வானாயின், அவனது நூலறிவு முற்றுப்பெற்றது ஆகாது. பழம்பொறியை வியந்து, கண்ணெதிர்ப் பொறியை இகழ்வது அறிவுடைமையும் அன்று.

ஒன்பது சிகரம் என்னும் பொருளுடைய நமுனுகுல மலையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்வோர்க்குக் கெப் வண்டி என்பது ஆடம்பரப் பொருள் அன்று. காலையிற் கொழுந்து மூட்டையை ஆலைக்கு ஏற்றிச் செல்வது அது. நண்பகலில் மரக்கறிக் கூடைகளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது அது. நள்ளிரவிலே பேறுகால வேதனையுற்ற பெண்ணைப் பதுளை வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டு செல்வதும் பல வேளைகளில் அதுவே. லயத்து வரிசை ஒன்றில் இத்தகைய வண்டி ஒன்று ஓடாது நின்றுவிடுமாயின், நின்றது அதன் சொந்தக்காரருடைய தொழில் மட்டும் அன்று; அவ்வரிசை முழுவதன் கால்களும் கட்டுண்டன என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வண்டிகளுட் பல முப்பது, நாற்பது ஆண்டு வயதுடையன. புதியது வாங்கலாகாதோ எனின், அதற்குரிய விடை நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலே உள்ளது. 2020 மார்ச்சு மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியின் பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது; அவ்வாண்டின் நடுப்பகுதியிலே எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதை எவரும் மறந்திலர். தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். திறந்த கதவின் உள்ளே நின்ற வரியோ எளியோரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தியது. இவ்வாறு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இலங்கையின் வண்டிகள் ஒன்றையொன்று உண்டு உயிர் வாழ்ந்தன எனலாம். பழையதன் உறுப்பைக் கழற்றிப் பிறிதொன்றிற் பொருத்தி ஓட்டுதல் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் நம்மவர் நன்கு பயின்ற கலையே. தேவை மீண்டபோது கலையும் மீண்டது.

இக்கலையின் தலையாய செயல் எஞ்சின் மாற்றம். உடல் உறுதியாயிருக்க, உயிர்ப்பொறி மட்டும் தேய்ந்துபோன வண்டிக்கு, வேறு வண்டியிலிருந்து எடுத்த எஞ்சினைப் பொருத்துவது அது. யப்பான் நாட்டிலே வாகனங்களுக்குரிய கட்டாயப் பரிசோதனை கடுமையும் செலவும் மிக்கது. ஆதலின் ஆங்குள்ளோர், நெடுங்காலம் உழைக்கக்கூடிய வண்டிகளையும் விரைவிற் கழித்துவிடுகின்றனர். அவற்றினின்று கழற்றிய எஞ்சின்கள் கப்பலேறி வந்து, கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைக் கடைகளிலே அடுக்கப்படுகின்றன. அங்கிருந்து லொறியேறி மலைநாட்டுக்கு வருகின்றன. யப்பானியப் பனியிலே ஓடிய எஞ்சின், நமுனுகுலத்து மூடுபனியிலே இரண்டாம் பிறவி எடுக்கின்றது.

இதனைக் காணுந்தோறும் திருமூலர் வரலாறே நினைவுக்கு வருதல் இயல்பு. கயிலையினின்று தென்றிசை போந்த சிவயோகியார், சாத்தனூர் இடையனாகிய மூலன் உயிர்நீத்துக் கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவ்வுடலைச் சுற்றி நின்று கதறுவதையும் கண்டு இரங்கினார். தம் உடலை ஓரிடத்து மறைத்து வைத்து, மூலன் உடலிற் புகுந்து எழுந்தார். பசுக்கள் துயர் தீர்ந்தன. கதை அத்துடன் முடியவில்லை. மாலையிலே மூலனுடைய மனைவி வந்து அழைக்க, உன்னோடு எனக்கு உறவில்லை என்றார் அவர். உடல் மூலனுடையது, உயிரோ வேறு. இவர் யார் என்னும் வழக்கு ஊர்ச் சான்றோரிடம் சென்றது. அவர்கள் வந்து கண்டு, நிலையை உணர்ந்து, மனைவியைத் தேற்றிச் சென்றனர்.

எஞ்சின் மாற்றத்திலும் இவ்விரண்டு பகுதிகளும் உள. பசுக்களின் துயர் தீர்ப்பது ஒன்று. ஊரார் முன் உண்மை உரைப்பது மற்றொன்று. முன்னதைத் தொழில்நுட்பம் என்றும் பின்னதைச் சட்டம் என்றும் இன்று வழங்குகின்றோம். நம் மலையகத்துப் பட்டறைகள் இவ்விரண்டிலும் எவ்வாறு நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலிலே தொழில்நுட்பம். எஞ்சினை இறக்கி ஏற்றுவது வெறும் கைவலிமை என்று எண்ணுவார் உளர். செய்முறையை நோக்கின் உண்மை புலனாகும். மின்கலத்தின் இணைப்பை முதலில் அகற்றல் வேண்டும். பின்னர் எண்ணெயையும் குளிர்நீரையும் வடித்து, முன்மூடியையும் றேடியேற்றரையும் கழற்றி, கம்பிகளையும் குழாய்களையும் ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பிரித்தல் வேண்டும். கியர்ப்பெட்டிக்குக் கீழே முட்டுக் கொடுத்து, எஞ்சினைச் செயின் புளொக்கிலே தூக்குகின்றபோது, மறைவாக ஒரு போல்ட் கழலாது நிற்குமாயின், நூற்றுக்கணக்கான கிலோ நிறையுடைய இரும்பு எப்பக்கம் சாயும் என்று கூற இயலாது. புதிதாக வந்த எஞ்சினை ஏற்றுமுன் அதன் ஒவ்வோர் உருளையின் அழுக்கத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும். ஏற்றிய பின்னர்ச் செய்தற்கு அரியவாகிய வேலைகளை, அதாவது கிளச்சுத் தட்டு, பின்புற எண்ணெய் அடைப்பு, பற்பட்டை ஆகியவற்றை மாற்றுதலை, எஞ்சின் வெளியே நிற்கும்போதே முடித்தல் வேண்டும். வரிசை பிறழ்ந்தால் வேலை முழுவதும் பிறழும். யாப்பிலே ஒரு சீர் பிழைத்தாற் செய்யுள் தளை தட்டும். இங்கே உயிர் தட்டுப்படும்.

எஞ்சின் தேர்வும் அறிவின்பாற்பட்டது. டொயோட்டா நிறுவனத்தின் 2எல், 3எல், 5எல் என்னும் டீசல் எஞ்சின்கள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கொள்ளளவு முறையே 2446, 2779, 2986 கன சென்றிமீற்றர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாதலின், ஒன்றின் இடத்திலே மற்றொன்றைப் பொருத்துதல் ஒப்பளவில் எளிது. பெற்றோல் எஞ்சின் இருந்த கூட்டிலே டீசல் எஞ்சினைப் புகுத்துவதோ முற்றிலும் வேறு வேலை. டீசல் எஞ்சின் நிறை மிக்கது. முன்வில்கள் அதனைத் தாங்குமா என்று பார்த்தல் வேண்டும். அதற்கு எரிபொருள் செல்லும் குழாயோடு மீளும் குழாயும் வேண்டும். சுழற்சி வேகம் குறைந்ததாதலின், பின்னச்சின் பல்லிணை விகிதமும் பொருந்துதல் வேண்டும்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. இன்றைய வண்டிகளில் பிரேக் மிதியைக் கால் மட்டும் அழுத்துவதில்லை. வெற்றிடத்தின் துணையாலே இயங்கும் ஓர் உதவிக்கலம் காலின் விசையைப் பன்மடங்காக்கித் தருகின்றது. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலே ஒரு தடுப்பு இருப்பதால் அவ்வெற்றிடம் தானாகவே உண்டாகின்றது. டீசல் எஞ்சினிலோ அத்தகைய தடுப்பு இல்லை. காற்றைத் தடையின்றி உள்ளிழுத்து, இருபது மடங்கு அளவுக்கு நெருக்கி, அந்நெருக்கத்தின் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைப்பது 1897ஆம் ஆண்டு யேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரிலே உருடோல்பு டீசல் என்பார் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய முறை. ஆதலின் டீசல் எஞ்சினுக்கு வெற்றிடம் உண்டாக்கத் தனிப்பம்பி ஒன்று வேண்டும். டொயோட்டாவின் மேற்கூறிய குடும்பத்திலே அது மின்னாக்கியின் பின்புறத்தே பொருத்தப்பட்டிருக்கும். அப்பம்பியை விட்டு எஞ்சினை மட்டும் பொருத்துவோமாயின், வண்டி ஓடும், மலையும் ஏறும், இறங்கும்போதுதான் மிதி கல்லாய் இறுகும்.

சமவெளியிலே இது ஓர் இடையூறு. ஊவாவிலே இது கூற்றுவன். எல்லவிலிருந்து வெல்லவாய செல்லும் வீதி, முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலே ஏறத்தாழ எண்ணூறு மீற்றர் இறங்குகின்றது. அவ்வீதியிலே 2025 செப்டெம்பர் 4ஆம் நாள் இரவு பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். 2021 மார்ச்சு 20ஆம் நாள் பசறைக்கு அண்மையிலும் அத்தகைய பெருந்துயர் நிகழ்ந்தது. அவ்விபத்துகள் எஞ்சின் மாற்றத்தால் நேர்ந்தவை என்று யாம் கூறவில்லை. இவ்வீதிகள் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையன அல்ல என்பதே கூறவந்தது. மேலும், உயரம் மிகுந்தோறும் காற்று மெலிதாகும். டேர்போ இல்லாத எஞ்சின், கடல்மட்டத்தினின்று ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். கொழும்பிலே செம்மையாக ஓடிய எஞ்சின் நமுனுகுலத்திலே இளைப்பதற்கும் கரும்புகை கக்குவதற்கும் இது ஒரு காரணம். மலைநாட்டுப் பட்டறையாளர்க்குச் சமவெளிப் பட்டறையாளரினும் மிகுந்த அறிவு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனிச் சட்டம். வண்டி ஒவ்வொன்றுக்கும் செசி இலக்கம் ஒன்றும் எஞ்சின் இலக்கம் ஒன்றும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் வழி நடைபெறும் பதிவிலே இரண்டும் குறிக்கப்படுகின்றன. எஞ்சினை மாற்றுதல் குற்றம் அன்று. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்தாமல் விடுதலே குற்றம். எஞ்சின் முறையாக இறக்குமதியானது, முறையாக விலைகொடுத்து வாங்கப்பட்டது என்பதற்குரிய பத்திரங்களைப் பேணுதல் இன்றியமையாதது. பத்திரமற்ற எஞ்சின் களவு எஞ்சினாகவும் இருத்தல் கூடும். மலிவு கண்டு மயங்கி வாங்கியவர், பின்னர் வண்டியை விற்க முயலும்போதோ வழிமறித்துச் சோதிக்கப்படும்போதோ, காப்புறுதிப் பணம் கோரும்போதோ தான் செய்யாத குற்றத்துக்கு விடைகூறி நிற்பார். சாத்தனூர்ச் சான்றோர் மூலன் உடலிலே நின்றவர் யாரென ஆராய்ந்து தெளிந்தமை போல, இவ்வண்டியில் நிற்கும் எஞ்சின் எது, எங்கிருந்து வந்தது என்று ஊரறியச் செய்வதே பதிவு.

தொழிலறிவு, சட்டவறிவு ஆகிய இரண்டும் நம் பட்டறைகளில் உள்ள இளைஞர்க்கு எவ்வழியாகக் கிடைக்கின்றன? பெரும்பாலும் கண்ணாலும் கையாலுமே கிடைக்கின்றன. க.பொ.த. சாதாரண தரத்திலே தவறிய பிள்ளை ஒரு பாஸிடம் போய்ச் சேர்கின்றான். முதல் ஆண்டிலே ஸ்பானர் எடுத்துக் கொடுக்கின்றான். மூன்றாம் ஆண்டிலே எஞ்சினை இறக்குகின்றான். செய்யத் தெரிந்தவனாகின்றான், ஏன் அவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இலர். பாஸ் வெற்றிடப் பம்பியை விடாது பொருத்துபவராயின் சீடனும் பொருத்துவான். பாஸ் அதனை வேண்டாவென்று கழித்துவிடுபவராயின் சீடனும் கழித்துவிடுவான். காரணம் அறியாத கைப்பழக்கம் நல்லதையும் தீயதையும் ஒருங்கே காத்துத் தரும்.

அண்மையிலே பசறை வீதிப் பட்டறை ஒன்றிலே எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரைக் கண்டோம். வகுப்பிலே புணர்ச்சி விதி கேட்டால் தலைகுனிந்து நின்றவர் அவர். பழைய வண்டி ஒன்றின் எஞ்சினை எதிரே வைத்துக்கொண்டு, எந்தக் குழாய் எங்கே செல்லும், எதை முன்னர் மாட்டல் வேண்டும், எதைப் பின்னர் மாட்டல் வேண்டும் என்று அரைமணி நேரம் தங்குதடையின்றிக் கூறினார். நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்து நிகழும் மாற்றத்தை அறியாதவர் என்று நாம் கருதியவர், கியர்ப்பெட்டியும் எஞ்சினும் கூடுமிடத்து நிகழும் மாற்றத்தை ஐயமற அறிந்திருந்தார். ஆயினும், பதிவைத் திருத்துவதற்குரிய விண்ணப்பம் எது என்று வினவியபோது, அதெல்லாம் வண்டிக்காரர் பார்த்துக்கொள்ளுவார் ஐயா என்று கூறிவிட்டார். தமிழில் அது பற்றி எழுதிய சிறு துண்டுத்தாளேனும் அப்பட்டறைச் சுவரில் இல்லை.

ஈண்டு மொழிப்பிரச்சினை எழுகின்றது. எந்திரக் கல்வியைத் தமிழிற் கற்பித்தல் இயலாது என்பார்க்கு, இத்தீவின் வரலாறே மறுமொழி கூறும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் பிற மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். தமிழிலே பயின்ற வைத்தியர்களை ஆக்கினார். மனித உடலைப் பிரித்து ஆராயும் கல்வி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் இயன்றதாயின், மோட்டார் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கல்வி இருபத்தோராம் நூற்றாண்டிலே ஏன் இயலாது?

அதே வேளையில், சொற்றூய்மையே கல்வி என்று மயங்குவார்க்கும் ஒரு வார்த்தை. பாடநூலிலே முசலம் என்றிருப்பதைப் பட்டறையிலே பிஸ்டன் என்கின்றனர். அதனைத் திருத்துவதே தம் கடன் என்று புறப்படுவாரும் உளர். தொல்காப்பியனார் இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்லாக ஏற்றுக்கொண்டார். செய்யுட்கே ஆகும் எனின் பட்டறைக்கு ஆகாதோ? பிஸ்டன், கிளச்சு, பிரேக் என்பன யாவர்க்கும் விளங்கும் சொற்களாய்விட்டன. அவை இருந்துவிட்டுப் போகட்டும். பெயர் எம்மொழியிலிருந்து வந்தாலும் குற்றமில்லை. விளக்கம் கற்போனுடைய தாய்மொழியில் அமைதல் வேண்டும். ஏன் என்னும் வினாவுக்கு விடை தமிழில் கிடைத்தல் வேண்டும். பெயரைத் தமிழாக்கிவிட்டு விளக்கத்தை ஆங்கிலத்தில் விட்டுவைப்பது, வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுக் கூரை வேயாது விடுதலை ஒக்கும்.

எமது கருத்துக்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. தோட்டத்துப் பெற்றோர் பலர், எம் பிள்ளையையும் கைத்தொழிலுக்கா அனுப்புவது என்று கேட்கின்றனர். அக்கேள்வியின் பின்னே நெடிய துயரம் உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேதான். அதற்கு முன்னர்த் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடைக்கும் மண்வெட்டிக்கும் அப்பால் எழுத்தறிவு செல்லலாகாது என்ற நிலையே இருந்தது. கல்வியென்றால் மலையினின்றும் விடுதலை என்று அப்பெற்றோர் கருதுவதிற் பிழையில்லை. அவர்தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முயற்சி சிறிதும் தளர்தல் ஆகாது. பட்டறையைக் காட்டிப் பட்டப்படிப்பை மறுப்பாரோடு எமக்கு உடன்பாடில்லை.

ஆயினும், பிறர் ஏவ வேலை செய்வது வேறு. தானறிந்து வேலை செய்வது வேறு. கூலி என்னும் சொல்லின் இழிவு கையிலே அழுக்குப் படுவதனால் வந்ததன்று. அறிவும் முடிவும் தன்னிடத்தே இல்லாமையால் வந்தது. தொழிலின் காரணம் அறிந்து, அதற்குச் சான்றிதழும் பெற்று, தன் பெயரிலே பட்டறை நடத்துவோன் எவர்க்கும் கூலியாள் அல்லன். சான்றிதழ் இன்றி இருபது ஆண்டு உழைப்பவனோ, எத்துணைத் திறமையுடையவனாயினும், கொழும்புக்குச் சென்றாலும் கடல் கடந்தாலும் கையாளாகவே எண்ணப்படுவான். நம் பிள்ளைகள் ஏற்கெனவே பட்டறைகளில் உள்ளனர். அவர்களை அங்கே அனுப்புவதா விடுவதா என்பது இப்போதைய வினா அன்று. அங்கே உள்ளோரை அறியாமையில் விட்டு வைப்பதா என்பதே வினா.

செய்யத்தக்கன பல உள. அவற்றுட் சில கடினமும் அல்ல. நாட்டிலே ஏழு படிநிலைகளையுடைய தேசிய தொழிற்றகைமை முறை ஒன்று நடைமுறையில் உள்ளது. பட்டறையிலேயே தொழில் பயின்றோரின் முன்னறிவை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் அதில் இடமுண்டு. இவ்வாய்ப்பைத் தோட்டப்புற இளைஞர்க்கு எடுத்துரைப்பதும், விண்ணப்பம் நிரப்பத் துணைநிற்பதும் ஆசிரியர்க்கு எளியவை. மதிப்பீட்டைத் தமிழிலே நடத்தவல்ல மதிப்பீட்டாளர் மலையகத்துக்குப் போதிய அளவில் வேண்டும் என்று கேட்பது நம் பிரதிநிதிகளின் கடமை. க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பத்துறை 2013இலும், பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வியின் கீழ்த் தொழிற்பாடங்கள் 2017இலும் தொடங்கப்பெற்றன. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு அவை தக்க ஆசிரியருடனும் கருவியுடனும் வந்து சேர்தல் வேண்டும்.

இலக்கிய வட்டங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கவியரங்கும் நூல் வெளியீடும் நடத்தும் நம் மன்றங்கள், ஆண்டுக்கொருமுறை ஒரு பட்டறைக்குச் செல்லலாகாதா? அங்கே வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுக்கலாம். எஞ்சின் மாற்றுமுன் பார்க்க வேண்டியவை, மாற்றியபின் பார்க்க வேண்டியவை, பதிவுக்கு வேண்டிய பத்திரங்கள் என மூன்று பகுதியாக, எட்டுப் பக்கச் சிறுநூல் ஒன்றை எளிய தமிழில் எழுதி, மலைநாட்டுப் பட்டறை ஒவ்வொன்றிலும் கொண்டுசென்று கொடுக்கலாம். செய்தியைப் பட்டறையார் கூறட்டும். வாக்கியத்தைத் தமிழாசிரியர் அமைக்கட்டும். அச்சிறுநூலைப் படித்த ஒருவர், வெற்றிடப் பம்பி ஒன்றைக் கழித்துவிடாது பொருத்துவாராயின், பசறை வீதியிலே இறங்கிவரும் வண்டி ஒன்றின் உள்ளே இருப்போர் உயிரோடு வீடு சேர்வர். நாம் எழுதும் கட்டுரைகளுள் அத்துணைப் பயன் விளைப்பது எது என்பதை அன்பர்களே எண்ணிப் பார்ப்பார்களாக.